வளைந்த சக்கரமும் நிமிர்த்திய கைகளும்

வாகனங்களைப் பற்றி எழுதுவதற்கு எனக்கு எவ்விதத் தகுதியும் இல்லை. நாற்பது ஆண்டுகள் பத்திரிகைத் தொழிலில் இருந்தவன். அந்த நாற்பது ஆண்டுகளையும் பஸ்ஸிலும் ரயிலிலும் கழித்தவன். சொந்தமாகக் கார் வைத்திருந்ததில்லை, ஓட்டவும் தெரியாது. எனினும், ஒரு காரின் சக்கரத்தைப் பற்றி இன்று எழுத வேண்டியிருக்கிறது. அந்தச் சக்கரத்தின் வழியாகத்தான் நான் பிறந்த தோட்டத்தின் ஒரு பக்கம் எனக்குத் திரும்பக் கிடைத்தது.

கேகாலை மாவட்டத்தில், யட்டியாந்தோட்டைக்கு அப்பால் உள்ள ஓர் இறப்பர் தோட்டத்தில் பிறந்தவன் நான். தந்தையார் அங்கே கிளாக்கராக இருந்தார். தோட்டத்தைப் பார்த்துப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன என்று ஒருநாள் பேச்சுவாக்கில் சொன்னபோது, கொழும்பில் வசிக்கும் நண்பர் ஒருவர் தமது காரிலேயே அழைத்துச் செல்வதாகக் கூறினார். அவரிடம் இருப்பது 1958ஆம் ஆண்டின் மொரிஸ் மைனர். அவருடைய தகப்பனார் வாங்கியது. பிள்ளையைப் போல் பேணி வருகிறார்.

சப்ரகமுவவின் மழையைப் பற்றி அறிந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. இரத்தினபுரியில் ஆண்டொன்றுக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கிறது. கேகாலையின் தென்பகுதியும் அதற்கு அதிகம் பின்தங்கியதல்ல. அந்த மழையில் தோட்டத்துப் பாதைகளின் தார் முதலில் போகும். பிறகு சல்லி போகும். எஞ்சுவது கருங்கற்களும் அவற்றிடையே நீர் நிறைந்த குழிகளும். நீர் நிறைந்த குழியின் ஆழம் மேலிருந்து தெரிவதில்லை. திரும்பி வரும் வழியில் அத்தகைய குழி ஒன்றில் இடது முன் சக்கரம் இறங்கிய சத்தம் எனக்கே கேட்டது. நண்பர் ஒன்றும் பேசவில்லை. பிரதான வீதிக்கு வந்து வேகம் மணிக்கு அறுபது கிலோமீற்றரைத் தொட்டபோது, ஸ்டியரிங் அவருடைய கைகளில் நடுங்கத் தொடங்கியது.

யட்டியாந்தோட்டைக்கும் கரவனல்லைக்கும் இடையில், பாதையோரத்தில் தகரக் கூரையுடன் ஒரு கராஜ். அதை நடத்துபவர் அறுபது வயதைத் தாண்டிய ஒரு சிங்களவர். எல்லோரும் அவரை ‘பாஸ்’ என்றே அழைத்தார்கள். ஒல்லாந்தர் விட்டுச்சென்ற அந்தச் சொல் நம் நாட்டில் கொத்தனாருக்கும் தச்சருக்கும் இயந்திரம் திருத்துபவருக்கும் பொதுவான மரியாதைப் பெயராக நிலைத்துவிட்டது. அவருக்குத் தமிழ் நன்றாகவே தெரிந்திருந்தது. தோட்டங்களை அண்டி வாழும் பலருக்கு அது இயல்பு.

அவர் சக்கரத்தில் உடனே கைவைக்கவில்லை. முதலில் ஒரு கேள்விதான் கேட்டார். “ஐயா, நடுக்கம் கையிலயா, ஆசனத்திலயா?” கையில் என்றார் நண்பர். முன் சக்கரம் கெட்டிருந்தால் நடுக்கம் ஸ்டியரிங்கில் வரும். பின் சக்கரம் கெட்டிருந்தால் இருக்கையின் அடியில் வரும். ஐயம் இருப்பின் முன்னுள்ள சக்கரத்தைப் பின்னுக்கு மாற்றிப் போட்டு ஓட்டிப் பார்க்கலாம். நடுக்கமும் சேர்ந்து இடம்மாறினால் குற்றவாளி சக்கரமே.

பின் சக்கரங்களுக்குக் கல் கொடுத்து, முன்பக்கத்தை ஜக் வைத்து உயர்த்தி, அடியில் மரக்கட்டைகளை அடுக்கினார். சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து அசைத்துப் பார்த்தார். பெயாரிங் தளர்ந்திருந்தால் நல்ல சக்கரமும் ஆடும். அதைச் சோதிக்காமல் சக்கரத்தைக் குறை சொல்வது அநியாயம் என்பது அவருடைய வாதம். பிறகு உள்ளே போய் ஒரு பொருளை எடுத்து வந்தார். சிறிய பலாக்கட்டை, அதன் தலையில் பக்கவாட்டில் அறைந்த நீண்ட ஆணி. அவ்வளவுதான். ஆணியின் முனை ரிம்மின் ஓரத்தைத் தொட்டும் தொடாமலும் இருக்கும்படி கட்டையைத் தரையில் வைத்துச் சக்கரத்தை மெல்லச் சுழற்றினார். ஓரிடத்தில் ஆணி உராய்ந்தது. எதிர்ப்புறத்தில் இடைவெளி விழுந்தது.

நான் அந்தக் கட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதே போன்ற ஒரு கட்டையை அறுபது ஆண்டுகளுக்கு முன்னர் நான் கையில் வைத்து விளையாடியிருக்கிறேன்.

எங்கள் தோட்டத்தில் ஸ்டோருக்குப் பின்னால் ஒரு பட்டறை இருந்தது. அதை நடத்தியவரை நாங்கள் ஆசாரி மாமா என்று அழைத்தோம். அவருடைய தகப்பனார் மாட்டு வண்டிச் சக்கரங்களுக்கு இரும்புப் பட்டை ஏற்றுவதில் பெயர் பெற்றவராம். அந்தத் தொழில் முற்றிலும் நெருப்பின் தொழில். பட்டையைச் சுற்றிவரத் தீ மூட்டிப் பழுக்கக் காய்ச்சினால் அது விரியும். விரிந்ததை மரச் சக்கரத்தின் மேல் இறக்கி நீரூற்றினால் சுருங்கி இறுகும். மகன் அதைக் கற்றார். ஆனால் மகனின் காலத்தில் வண்டிகள் போய் லொறியும் காரும் வந்துவிட்டன. வண்டிச் சக்கரத்துக்கு நண்பனாக இருந்த நெருப்பு, கார்ச் சக்கரத்துக்குப் பகையென்பதை அவர் தாமே கண்டறிய வேண்டியிருந்தது.

இவ்விடத்தில் உருக்குச் சக்கரத்தைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். ஆரம்பகால மோட்டார் வண்டிகள் மரக் கால்கள் கொண்ட சக்கரங்களிலும் கம்பிச் சக்கரங்களிலும் ஓடின. இங்கிலாந்தின் ஜோசப் சாங்கி நிறுவனம் 1908 வாக்கில், உருக்குத் தகட்டை அச்சில் அழுத்திச் சக்கரம் செய்யும் முறையைக் கொண்டுவந்தது. மலிவு, உறுதி, விரைவாகக் கழற்றி மாட்டும் வசதி ஆகிய மூன்றும் சேர்ந்ததால் அந்த வகையே நிலைபெற்றது. அதில் இரண்டு பகுதிகள் உண்டு. டயரைத் தாங்கும் வெளி வளையம் ரிம். அச்சோடு நட்டுகளால் பிணைக்கப்படும் நடுத்தட்டு மற்றொன்று. இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டவைக்கப்பட்டவை. ரிம்மின் ஓரம் வளைந்தால் நிமிர்த்தலாம். நடுத்தட்டு வளைந்தால் அச்சக்கரத்தைக் கைவிடுவதே அறிவு. அதன் மையமே பிசகிவிடுவதால், எங்கே நேர் எங்கே கோணல் என்று அளப்பதற்கே ஓர் ஆதாரம் இல்லாமற் போகிறது.

மொரிஸ் மைனர் 1948 ஒக்டோபரில் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் அறிமுகமானது. வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். சிறிய கார்களுக்கும் பெரிய சக்கரங்கள் பூட்டப்பட்ட அக்காலத்தில் அவர் 14 அங்குலச் சக்கரங்களைத் தேர்ந்தார். உள்ளே இடம் கூடியது. வீதியில் கார் உறுதியாக நின்றது. பத்து லட்சம் என்ற எண்ணிக்கையைத் தொட்ட முதல் பிரித்தானியக் கார் அதுவே. 1970களின் தொடக்கத்தில் உற்பத்தி நின்றபோது சுமார் 16 லட்சம் கார்கள் வெளிவந்திருந்தன. ஆயினும் சிறிய சக்கரத்துக்கு ஒரு குறை உண்டு. பெரிய சக்கரம் ஏறிக் கடக்கும் குழிக்குள் சிறிய சக்கரம் முழுதாக இறங்கிவிடும். டயரில் காற்றுக் குறைந்திருந்தால், கல்லுக்கும் ரிம்மின் ஓரத்துக்கும் இடையில் டயர் நசுங்கி, அடி நேரே இரும்பில் விழும். தோட்டத்துப் பாதைகளில் நடந்தது அதுதான்.

அந்தக் கார் லண்டனில் அறிமுகமான அதே பருவத்தில், 1948 நவம்பர் 15ஆம் திகதி, இலங்கைப் பிரஜாவுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலானோர் நாடற்றவராயினர். இரண்டு செய்திகளுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. ஆனால் எங்கள் தோட்டத்தில் அவை ஒரே பட்டறைக்குள் வந்து சந்தித்தன.

1950களின் தொடக்கத்தில் கொரிய யுத்தம் காரணமாக இறப்பரின் விலை ஏறியது. அது தணிந்தபோது, 1952 டிசம்பரில் சீனாவுடன் செய்துகொண்ட இறப்பர்-அரிசி ஒப்பந்தம் கைகொடுத்தது. கேகாலை, இரத்தினபுரி மாவட்டங்களின் இறப்பர் தோட்டங்களில் காசு புழங்கியது. துரைமாரின் பங்களாக்களில் மட்டும் நின்ற கார்கள் மெல்ல மெல்ல உத்தியோகத்தர் வீடுகளின் வாசலுக்கும் வந்தன. எங்கள் பகுதியில் நான்கைந்து தோட்டங்களைப் பார்த்துக்கொண்ட வைத்தியர் ஐயா ஒரு மொரிஸ் மைனர் வாங்கினார்.

பின்னர் காலம் மாறியது. அந்நியச் செலாவணி நெருக்கடி முற்றியதால் 1960களின் தொடக்கத்திலிருந்து தனியார் கார்களின் இறக்குமதி ஏறத்தாழ நின்றுபோனது. உதிரிப்பாகங்களும் அரிதாயின. 1968இல் வந்த அந்நியச் செலாவணி உரித்துச் சான்றிதழ் முறை இறக்குமதிப் பொருள்களின் விலையை மேலும் உயர்த்தியது. 1970 முதல் 1977 வரையிலான ஆட்சியில் கட்டுப்பாடு இறுகியது. டயருக்கு ஒரு வழி இருந்தது. சோவியத் உதவியுடன் களனியில் அமைந்த டயர் தொழிற்சாலை நம் நாட்டு இறப்பரிலேயே டயர் செய்தது. ஆனால் அந்த டயரை மாட்டுவதற்கான சக்கரம் வர வழியில்லை. எங்கள் மலையில் வடிந்த பாலில் டயர் செய்துகொள்ள முடிந்த நாட்டுக்கு, ஒரு தகட்டு வளையம் எட்டாக்கனியாக இருந்தது.

ஆகவே வளைந்த சக்கரம் ஒவ்வொன்றும் பட்டறைக்கு வந்தது. நம் நாட்டில் பழைய கார்கள் இத்தனை ஆண்டுகள் உயிரோடு இருப்பதற்கு நம்மவர்களின் கலாரசனை காரணமென்று இப்போது எழுதுகிறார்கள். நான் அதை ஒப்புக்கொள்ளமாட்டேன். வேறு கார் கிடைக்கவில்லை என்பதே காரணம். கிடைக்காத காலத்தில் இருப்பதை ஓடவைத்த கைகள் இரண்டாவது காரணம். முதலாவதைப் பற்றிப் பொருளியலாளர்கள் எழுதியிருக்கிறார்கள். இரண்டாவதைப் பற்றி நான் படித்ததில்லை.

ஆசாரி மாமாவின் முறை எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. டயரையும் டியூபையும் கழற்றாமல் சக்கரத்தைத் தொடமாட்டார். காற்றோடு உள்ள சக்கரத்தைச் சூடாக்கினால் டயர் வெடித்து ஆளையே கொல்லும் என்பார். வெற்றுச் சக்கரத்தைக் காரின் முன் அச்சிலேயே மாட்டுவார். அதுவே அவருடைய அளவுப் பொறி. ஆணிக்கட்டையை வைத்து இரண்டு விதமாகப் பார்ப்பார். ஓரம் இடமும் வலமும் அலைகிறதா என்பது ஒன்று. மேலும் கீழும் ஏறி இறங்குகிறதா என்பது மற்றொன்று. பக்கவாட்டு அலைச்சல் ஸ்டியரிங்கை ஆட்டும். ஏற்ற இறக்கம் வண்டியைக் குதிக்கவைக்கும். சக்கரம் சுழலும்போது சோக்குக் கட்டியை மெதுவாகக் கொண்டுபோவார். புடைத்த இடத்தில் மட்டும் வெள்ளைக் கோடு விழும். பிறகு சக்கரத்தைக் கழற்றி, ஒரு நட்டுத் துளை தள்ளி மீண்டும் பூட்டிச் சுழற்றுவார். கோணல் சோக்குக் கோட்டோடு சேர்ந்து நகர்ந்தால் பிழை சக்கரத்தில். கோட்டை விட்டு அச்சிலேயே நின்றுவிட்டால் பிழை அச்சில். பள்ளிக்கூடத்தில் எனக்கு எந்த ஆசிரியரும் இவ்வளவு தெளிவாகத் தருக்கம் கற்பித்ததில்லை.

அடுத்தது வெடிப்புப் பரிசோதனை. சக்கரத்தைத் தொங்கவிட்டுச் சிறிய சுத்தியலால் தட்டுவார். நல்ல சக்கரம் மணிபோல் ஒலிக்கும். வெடித்தது உடைந்த பானையைப் போல் மந்தமாக ஒலிக்கும். ரயில் நிலையங்களில் நீண்ட கைப்பிடிச் சுத்தியலுடன் சக்கரங்களைத் தட்டிக்கொண்டு போகும் ஊழியரைப் பழைய தலைமுறையினர் பார்த்திருப்பார்கள்; அதே கலைதான். ஐயம் தீராவிட்டால் மண்ணெண்ணெய் தடவி, சற்று ஊறவிட்டு, நன்றாகத் துடைத்து, சோக்குத் தூளைப் பூசுவார். வெடிப்பு இருந்தால் அதற்குள் புகுந்த மண்ணெண்ணெய் மெல்லக் கசிந்து தூளில் ஒரு கறுத்த கோடாக எழும். பெரிய தொழிற்சாலைகளில் இன்று சாயத் திரவங்களைக் கொண்டு செய்யப்படும் சோதனையும் இதே தத்துவத்தில் அமைந்ததுதான்.

வெடிப்பில்லை என்று தெரிந்த பின்னரே சம்மட்டி. உள்ளோரத்தில் கனத்த இரும்பை அணைகொடுத்து, வெளியே மரக்கட்டையை வைத்து அதன் மேல் அடிப்பார். இரும்பின் மேல் நேரே அடித்தால் தகடு நசுங்கி நீளும். நீண்ட தகடு மறுபடி வளையத்துக்குள் அடங்காது. ஓர் அடி, ஒரு சுழற்சி, ஒரு பார்வை. மறுபடி ஓர் அடி. இரும்புக்குப் பழைய நிலைக்குத் துள்ளும் குணம் உண்டு. ஆதலால் வேண்டிய அளவைவிட மயிரிழை கூடுதலாகத் தள்ள வேண்டும். எல்லாம் குளிர்ந்த நிலையிலேயே நடக்கும். நெருப்பைக் காட்டினால் வேலை சுலபமாகும். ஆனால் சூடு நடுத்தட்டுக்குப் பரவினால் சக்கரம் முழுவதும் முறுகிக்கொள்ளும், உருக்கின் வலுவும் குன்றும். உலையை எதிரில் வைத்துக்கொண்டே நெருப்பைத் தவிர்த்த மனிதர் அவர்.

1972ஆம் ஆண்டின் ஓர் இரவு. அப்போது நான் கொழும்பில் ஒரு தமிழ் நாளிதழில் சேர்ந்து ஓராண்டு ஆகியிருந்தது. விடுமுறையில் வீட்டுக்கு வந்திருந்தேன். மேல் டிவிசனில் ஒரு பெண்ணுக்குப் பிரசவ வேதனை, நிலைமை சிக்கல். கரவனல்லை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். வைத்தியர் ஐயாவின் காரில் ஒரு சக்கரம் அன்று மாலைதான் மதகில் மோதியிருந்தது. மேலதிகச் சக்கரம் ஏற்கெனவே பயனற்றுக் கிடந்தது. விளக்கு வெளிச்சத்தில் ஆசாரி மாமா சக்கரத்தைத் தட்டிப் பார்த்தார். நட்டுத் துளைகளைச் சுற்றி மண்ணெண்ணெய் தடவினார். துளைக்குத் துளை ஓடிய மெல்லிய கோடு தெரிந்தது.

“கிளாக்கர் ஐயா, இதை நான் போடமாட்டேன்” என்று என் தந்தையாரிடம் சொன்னார்.

வைத்தியர் ஐயா கோபித்தார். ஒட்டவைத்தாவது கொடு, மெதுவாகப் போகிறேன் என்றார். ஆசாரி மாமா அசையவில்லை. வளைந்தது வழியில் சொல்லிக்கொண்டு வரும், வெடித்தது சொல்லாமல் போகும், மலையிறக்கத்தில் சக்கரம் பிரிந்தால் ஒரு உயிருக்கு நாலு உயிர் என்றார். கடைசியில் பெரிய துரையை எழுப்பித் தோட்டத்து லொறியை எடுத்தார்கள். இறப்பர் ஷீட் மூட்டைகளை இறக்கிவிட்டு மெத்தை விரித்துத் தாயைக் கொண்டுபோனார்கள். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். திருத்தத் தெரிந்தவனுக்கு அழகு, திருத்தக்கூடாததை அறிவது என்பதை நான் அன்றுதான் விளங்கிக்கொண்டேன்.

அதற்கு அடுத்த ஆண்டு ஆசாரி மாமா இந்தியாவுக்கு அனுப்பப்பட்டார்.

1964 ஒக்டோபர் 30ஆம் திகதி கைச்சாத்தான சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்றும் 3,00,000 பேருக்கு இலங்கை பிரஜாவுரிமை வழங்குவதென்றும் வகுத்தது. எஞ்சிய ஒன்றரை லட்சம் பேரை 1974இல் இரு நாடுகளும் ஆளுக்கு 75,000 எனப் பங்கிட்டுக்கொண்டன. அந்தக் கணக்கில் தலைகள் மட்டுமே எண்ணப்பட்டன. யார் எந்தத் தொழில் அறிந்தவர், அவர் போய்விட்டால் இங்கே எது நின்றுபோகும், அங்கே அவருக்கு என்ன வேலை என்ற கேள்விகளுக்கு அதில் இடமிருக்கவில்லை. ஆசாரி மாமா இந்தியக் கடவுச்சீட்டுக்கு விரும்பி விண்ணப்பித்தவரல்லர். மூத்த மகன் விண்ணப்பித்திருந்தார். குடும்பம் பிரியக்கூடாதென்று தாமும் சேர்ந்துகொண்டார். பட்டடைக்கல் தோட்டத்தின் சொத்து. சம்மட்டியும் சில சில்லறைக் கருவிகளும் அவருடையவை. தலைமன்னாருக்கு ரயிலேறும்போது அவற்றை ஒரு சாக்கில் கட்டியிருந்தார். ஆணிக்கட்டையை அவர் கொண்டுபோனாரா, விட்டுச்சென்றாரா என்பதை நான் கவனிக்கவில்லை. செய்தியாளனாக இருந்தும் கவனிக்கவில்லை.

ஒரே ஒரு கடிதம் வந்தது. நீலகிரியில் கூடலூருக்கு அருகே, தாயகம் திரும்பியோருக்காகத் தமிழ்நாட்டு அரசு அமைத்த தேயிலைத் தோட்டத்தில் வேலை கிடைத்திருப்பதாக எழுதியிருந்தார். களை வெட்டும் வேலை. ஐம்பத்தெட்டு வயதில் இறப்பர் தோட்டத்துக் கொல்லர் தேயிலைத் தோட்டத்தில் களை வெட்டினார். என் தந்தையார் அந்தக் கடிதத்தை இரண்டு முறை படித்துவிட்டு மடித்து வைத்தார்.

இருந்தவர்களையும் காலம் விட்டுவைக்கவில்லை. 1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாயின, நிர்வாகங்கள் மாறின. சப்ரகமுவவின் தோட்டங்கள் சிங்களக் கிராமங்களுக்கு நடுவே தீவுகளைப் போல் சிதறிக் கிடப்பவை. 1977 ஓகஸ்டிலும், 1981 ஓகஸ்டிலும், 1983 ஜூலையிலும் வன்செயல்கள் வந்தபோது அவற்றைத் தாங்கிக்கொள்ளும் திரள் அங்கே இருக்கவில்லை. இரத்தினபுரி, காவத்தை, இறக்குவானை, பலாங்கொடைப் பகுதிகளிலிருந்து 1981இல் நாங்கள் செய்தி திரட்டியபோது, எரிந்த லயங்களையும் கடைகளையும் பட்டியலிட்டோம். எரிந்த இடங்களில் பட்டறைகளும் இருந்தன. அவற்றைக் ‘கடைகள்’ என்ற தொகையிலேயே சேர்த்துவிட்டோம். பட்டறைக்காரர் சிலர் வவுனியாப் பக்கம் போனதாகவும், சிலர் கப்பலேறியதாகவும் பின்னர் கேள்விப்பட்டேன்.

1977இன் இறுதியில் இறக்குமதிக் கதவு திறக்கப்பட்டதும் ஜப்பானியக் கார்கள் வந்து குவிந்தன. சக்கரம் வளைந்தால் வேறொன்று வாங்கலாம் என்ற நிலை வந்தது. ஆயினும் தடைக்காலத்தில் விளைந்த கைத்திறன் முற்றாக வீண்போகவில்லை. இங்கிலாந்தின் பாத் நகரில் 1976இல் மொரிஸ் மைனர் மையத்தைத் தொடங்கிய சார்ல்ஸ் வேர் என்பவர், கார் என்பது சில ஆண்டுகளில் எறியும் பொருளல்ல, திருத்தித் திருத்தி வைத்துக்கொள்ளும் பொருள் என்று வாதிட்டவர். அக்காருக்கான தகட்டுப் பாகங்களைச் செய்விக்க அவர் தேடி வந்த நாடு இலங்கை. 1990களில் இங்கே கையால் செய்யப்பட்ட பாகங்கள் இங்கிலாந்துக்கு ஏற்றுமதியாயின. கார் பிறந்த நாட்டுக்கே அதன் உறுப்புகளை நாம் அனுப்பினோம்.

வரலாறு திரும்புவதும் உண்டு. 2020 மார்ச்சில் இலங்கை மீண்டும் வாகன இறக்குமதியை நிறுத்தியது. தனியார் வாகனங்களுக்கு அக்கதவு 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. அந்த ஐந்து ஆண்டுகளில் பழைய கராஜ்கள் மறுபடி நிறைந்தன. அரைநூற்றாண்டுக்கு முன்னர் கேட்ட அதே கேள்வியை மக்கள் கேட்டார்கள்: இதை நிமிர்த்தித் தரக்கூடியவர் யார்?

கராஜுக்குத் திரும்புவோம். பாஸ் டயரைக் கழற்றினார். வெளியோரத்தில் குறையொன்றும் தெரியவில்லை. உள்ளோரம் உள்ளங்கை அகலத்துக்கு மடிந்திருந்தது. அநேகமாக இப்படித்தான், ஐயா, வெளிப்பக்கத்தைப் பார்த்து ஏமாறுவார்கள் என்றார். தட்டினார், மணியோசை கேட்டது. மண்ணெண்ணெய் தடவினார், கோடு எழவில்லை. பிறகு மரக்கட்டை, சம்மட்டி. முக்கால் மணி நேரம். ஒன்றரை மில்லிமீற்றருக்குள் வந்துவிட்டால் போதும், ஓட்டுபவருக்குத் தெரியாது என்றார். டியூப் உள்ள டயராதலால் ரிம்மின் ஓரத்தில் சிறு நெளிவு எஞ்சினாலும் காற்று நிற்கும். டியூப் இல்லாத இன்றைய டயரில் அந்தச் சலுகை இல்லை. நட்டுகளை ஒன்றுக்கு எதிர் ஒன்றாக முறுக்கினார். ஐம்பது மைல் ஓடியதும் மறுபடி முறுக்கிப் பார்க்கச் சொன்னார்.

மேலதிகச் சக்கரத்தையும் காட்டினார் நண்பர். பாஸ் தட்டிப் பார்த்துவிட்டு ஒதுக்கி வைத்தார். நட்டுத் துளை ஒன்று நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தது. ஒட்டவைக்க முடியாதா என்று நண்பர் கேட்டார். “வளைஞ்சதுன்னா செய்து தாறன் ஐயா. இது கூடாது” என்றார் பாஸ்.

எனக்குக் கேட்காமலிருக்க முடியவில்லை. இந்த ஆணிக்கட்டையை எங்கே கற்றீர்கள் என்றேன். தகப்பனாரிடம் என்றார். தகப்பனார் இளமையில் ஒரு தோட்டத்துப் பட்டறையில் கையாளாக இருந்தாராம். அங்கே இருந்த ஒரு தமிழ் பாஸிடம் கற்றாராம். எந்தத் தோட்டம்? தெரியாது, இந்தப் பக்கத்தில் ஏதோ ஒன்று. அந்தத் தமிழ் பாஸின் பெயர்? சற்று யோசித்தார். தகப்பனார் ‘தமிழ் பாஸ்’ என்றுதான் சொல்வார், அவர் இந்தியாவுக்குப் போய்விட்டாராம், பெயர் தெரியாது என்றார்.

அவர் எங்கள் ஆசாரி மாமாதான் என்று எழுதினால் கட்டுரை அழகாக முடியும். ஆனால் அதற்கு ஆதாரம் இல்லை. அந்த வட்டாரத்தில் தோட்டங்கள் பல, பட்டறைகள் பல, கப்பலேறிய கொல்லர்களும் பலர். 1964இன் ஒப்பந்தத்தால் தீராமல் நின்ற பிரச்சினைக்கு 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் ஒருவாறு முடிவு கண்டு, எஞ்சியிருந்தோருக்குப் பிரஜாவுரிமை வழங்கியது. போனவர்கள் போனவர்களே. அவர்களின் வேலை மட்டும் இன்னொருவர் கையில், இன்னொரு மொழியில், பெயரில்லாமல் தொடர்கிறது.

மலையகத்தின் கங்காணிகளைப் பற்றியும் தொழிற்சங்கத் தலைவர்களைப் பற்றியும் நூல்கள் வந்துள்ளன. கொழுந்து பறித்த, பால் வெட்டிய கைகளைப் பற்றிக் கவிதைகள் உள்ளன. கொல்லர், பிட்டர், டிரைவர், மேசன் ஆகியோரைப் பற்றி எழுதியவர் மிகச் சிலர். கூடலூரிலோ, கோத்தகிரியிலோ, வவுனியாவிலோ, அதற்கப்பால் எந்த நாட்டிலோ இதைப் படிப்பவர் எவருக்கேனும் பாட்டனார் ஒருவர் தோட்டத்துப் பட்டறையில் இருந்திருந்தால், தயவுசெய்து அவருடைய பெயரையும் தோட்டத்தின் பெயரையும் எங்காவது எழுதி வையுங்கள். நான் அன்று எழுதத் தவறினேன்.

கொழும்பு திரும்பும்வரை ஸ்டியரிங் நடுங்கவில்லை.